இருபத்தேழாம் தாளில் நாற்பத்தொரு வீடுகள்

பிப்ரவரி 4

அண்ணா,

இல்லை என்று நீ சொன்ன ஊரிலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம் உன் மேஜையில் ஒரு மனுவைக் கொண்டுவந்து வைத்தேன், நினைவிருக்கிறதா? ‘எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும்’ என்று யாரோ பென்சிலில் எழுதியிருந்த மனு. நீ அதை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாய். “இருபத்தேழாம் தாள்ல ஊரே கிடையாது, வெறும் மணல். எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான். உனக்கும் வேலை இல்லைன்னா லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வா” என்றாய். எட்டுப் பேர் முன்னால் சொன்னாய். வரைபட அலுவலகத்தில் பிழை பார்க்கிற வேலையில் ஆறு வருடமாக இருக்கிறவளிடம் சொன்னாய். சரி, மேலதிகாரி சொன்னால் கேட்க வேண்டியதுதானே. லீவு போட்டேன், வந்துவிட்டேன்.

தார் ரோடு முடிகிற இடத்தில் பஸ்காரன் இறக்கி விட்டுவிட்டான். அங்கே ஒரு டீக்கடை, மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் ஒரு லாரி, அதற்கப்பால் மணல். லாரி டிரைவர்தான் வழி சொன்னார். “மேடு மேடா வரும். நாலாவது மேட்டுல நின்னுட்டு ஊரைக் காணோமேன்னு திரும்பிடாதீங்க. எல்லாரும் அங்கதான் திரும்புவாங்க.”

அவர் சொன்னது சரிதான். நாலாவது மேட்டில் நின்று பார்த்தால் கடல் தெரிகிறது, மணல் தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. எனக்கே திரும்பிவிடலாமா என்று இருந்தது. அப்புறம் மணலிலிருந்து ஒரு பெண்பிள்ளை கூடையோடு வெளியே வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிப் போனேன். அண்ணா, இங்கே கூரை காற்றில் பறக்காமல் இருக்க அவர்களே அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு மணலைப் பரப்பி வைக்கிறார்கள்! மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு வீடு தெரியாது. கீழே இறங்குகிறவனுக்குத் தெரியும். நாற்பத்தொரு வீடுகள். மூன்று கிணறுகள். படகு பழுதுபார்க்கிற கொட்டகை ஒன்று, அதன் ஒரு மூலையில் கரும்பலகை. நூற்று எண்பத்து மூன்று பேர். நான் தலையெண்ணியே பார்த்துவிட்டேன், எண்ணுவதில் பிழை விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அமைதியான ஊர். மணலில் காலடிச் சத்தமே கேட்காததால், யார் வீட்டுக்குப் போனாலும் இருபது அடி தள்ளியே “நான்தான்” என்று குரல் கொடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அது தெரியாது. பூனை மாதிரி போய் ஒரு வாசலில் நின்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டு ஊசியை விரலில் குத்திக்கொண்டார். திட்டித் தீர்த்துவிட்டு, “எங்க தங்கப்போற? இங்கயே கிட” என்றார். வலைக்காரம்மா என்றுதான் ஊரே கூப்பிடுகிறது. இரண்டாம் நாளே மண்வெட்டியை வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். காலையில் வாசலை மணல் மூடிவிட்டது, வாரித் தள்ள உள்ளே மண்வெட்டி இல்லை. பக்கத்து வீட்டார் வந்து எங்களைத் தோண்டி எடுத்தார்கள். ஊருக்கே சிரிப்பாணி.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி இருபத்தேழாம் தாள் உன் கையெழுத்துக்கு வருகிறது. பீரங்கிப் பயிற்சித் திடலுக்கு இடம் பார்க்கிறார்கள், ‘குடியிருப்பு இல்லை’ என்று நீ சான்று தர வேண்டும். கோப்பை நானும் பார்த்தேன். தராதே. தாளைத் திருத்து.

ஆபீசில் நீ எனக்கு சார், வீட்டில் அண்ணன். இதை எந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தாலும் எனக்கு ஒன்றுதான். டீக்கடை முகவரிக்கு எழுது. டிரைவர் கொண்டுவந்து தருவார்.

உன் தங்கை

*

பிப்ரவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் ஐஸ் லாரி டிரைவர் வாசலில் ஹார்ன் அடித்துத் தெருவையே எழுப்பிவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இனிமேல் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகச் சொல்.

நீ பார்த்தவை மீன்பிடிக்க வருகிறவர்கள் போடும் தற்காலிகக் குடிசைகள். சீசன் முடிந்தால் கலைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவற்றை ஊர் என்று குறிப்பது நம் வழக்கமில்லை. இது உனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நாற்பத்தொன்று, நூற்று எண்பத்து மூன்று என்று எண்ணிக்கை போட்டு என் கண்ணில் மண்ணைத் தூவப் பார்க்கிறாய்.

ஸ்டோரில் முப்பது மீட்டர் டேப் ஒன்று குறைகிறது. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கவைக்காதே.

பயிற்சித் திடல் கோப்பு ரகசியக் கோப்பு. அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதியதே தவறு. அங்கே யாரிடமாவது வாயைத் திறந்தாயானால் உன் வேலை மட்டுமில்லை, என் வேலையும் போகும். பத்தொன்பது வருடத்தில் என் தாளில் ஒரு பிழை என்று யாரும் காட்டியதில்லை. ஆபீசில் என்னைத் தூக்குக்குண்டு என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நேராகத் தொங்குகிற பொருள்தானே.

உன் லீவு பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு உன் மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அண்ணி கேட்கச் சொன்னாள், வெயிலில் அலையாமல் இருக்கிறாயா என்று.

நீ தங்கியிருப்பது எந்த வீடு? கிணற்றை ஒட்டிய வீடா, கடல் பக்கத்து வீடா?

அண்ணன்

*

பிப்ரவரி 12

அண்ணா,

கிணற்றை ஒட்டிய வீடு. எதற்குக் கேட்கிறாய்? வெறும் மணலில் கிணற்றை ஒட்டி ஒரு வீடு இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? மூன்று கிணறு என்றுதான் எழுதினேன், வீட்டை ஒட்டி இருக்கிறது என்று எழுதவில்லையே. பிழை பார்க்கிறவளுக்குக் கடிதம் எழுதும்போது கொஞ்சம் கவனமாக எழுத வேண்டாமா?

தற்காலிகக் குடிசை என்கிறாய். நான் இருக்கிற வீட்டின் நிலைவாசலில் வலைக்காரம்மாவின் நாலு பிள்ளைகளின் உயரத்தையும் வருடா வருடம் கத்தியால் கீறி வைத்திருக்கிறார்கள். கடைசிப் பிள்ளைக்கு இப்போது இருபத்தாறு வயது. இருபத்தாறு வருட சீசன் எந்தக் கடலில் இருக்கிறது?

டேப்பை நான்தான் எடுத்தேன். கேள், பதில் சொல்கிறேன். அந்த டேப்பை வைத்துத்தான் நாலு நாளாக அளந்துகொண்டிருக்கிறேன். மேடுகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் எதை நிலையான புள்ளியாக வைப்பது என்று முதலில் திண்டாடினேன். பிறகு கிணறுகளை வைத்து அளந்தேன். இத்துடன் தாள் வைத்திருக்கிறேன். மை கொஞ்சம் கசிந்திருக்கிறது, என் கை வியர்வை. கோடு ஒன்றும் கோணலில்லை.

ஆமாம், வாயைத் திறந்துவிட்டேன். வலைக்காரம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் வலையைக் கீழே வைக்காமலே கேட்டார். “யாரைச் சுடப்போறாங்களாம்?” யாரையும் இல்லை, வெறும் மணலைச் சுட்டுப் பழகப்போகிறார்கள், இங்கே யாருமில்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். ஒரு முடிச்சை இழுத்துக் கட்டினார். பிறகு, “சுடட்டும். முதல்ல நாங்க இருக்கோம்னு எழுதிட்டு, அப்புறம் சுடட்டும்” என்றார்.

சாயங்காலம் கொட்டகையில் ஊரே கூடியது. எனக்குப் பழக்கமான கூட்டம் இல்லை அது, யாரும் சத்தம் போடவில்லை. போகமாட்டோம் என்று முடிவு செய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. மீதி நேரமெல்லாம் படகுக்குத் தார் பூசுவதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபீசில் பழைய கள நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உன் கையெழுத்துதான். ‘பழைய கூரைகள் மணலில் புதைந்துள்ளன. குடியிருப்பு இல்லை.’ பக்கத்துக் கட்டத்தில், தொலைவிலிருந்து கண்டது என்று எழுத வேண்டிய இடத்தில், ‘நேரில் கண்டது’ என்று எழுதியிருக்கிறாய். மேட்டின்மேல் நின்று பார்த்ததை நேரில் கண்டதாக எழுதிவிட்டாய், அவ்வளவுதானே? இருபத்து மூன்று வயதில் நடந்த பிழை. முதல் வேலை, யாருக்கும் நடக்கும். திருத்திவிட்டுப் போ. நான் யாரிடமும் குத்திக்காட்டமாட்டேன்.

பதினாறாம் தேதி வரமாட்டேன்.

தங்கை

*

பிப்ரவரி 16

தங்கைக்கு,

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அனுமதி இல்லாமல் அளந்ததற்கு மதிப்பில்லை. கூடவே அலுவலக உத்தரவும் இருக்கிறது. இன்று முதல் நீ பணியிடை நீக்கம். கையெழுத்து என்னுடையது. 

பத்து மணிக்கு உன் நாற்காலியைப் பார்த்தேன். பத்தரைக்குப் பார்த்தேன். பதினொரு மணிக்கு டைரக்டர் வந்து, “என்னய்யா, வீட்டுப் பிள்ளையையே அடக்க முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.  உனக்கு அதில் சந்தோஷம்தானே?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதிகாரியாக இல்லை. அந்த வீட்டைவிட்டு வேறு வீட்டுக்குப் போ. ஊரிலேயே இருக்க வேண்டுமென்றால் இரு, ஆனால் அந்த வீட்டில் இருக்காதே. காரணம் கேட்காதே. வாயாடி, இந்த ஒரு தடவையாவது சொன்னதைக் கேள்.

அண்ணன்

*

பிப்ரவரி 19

அண்ணா,

காரணத்தை உன்னிடம் கேட்கவில்லை. அந்த வீட்டிலேயே கேட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் வலைக்காரம்மா பின்ன, நான் நூல் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் யாராவது அளக்க வந்தார்களா என்று கேட்டேன். “ஒரு பையன் வந்தான்” என்றார். “மேட்டுலேர்ந்து உருண்டு விழுந்தான். காய்ச்சல்னா அப்படியொரு காய்ச்சல். ரெண்டு நாள் இதோ, நீ படுக்கிற இடத்துலதான் கிடந்தான். அம்மா அம்மான்னு முனகுவான். நான்தான் வாயைத் திறந்து தண்ணி விட்டேன். மூணாம் நாள் எழுந்து சோறு தின்னுட்டுப் போனான். நல்ல பையன். போறப்போ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனான்.”

அந்தப் பையனுக்கு அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. “இடது மணிக்கட்டுல தீக்காயம். இஸ்திரிப் பெட்டி பட்ட மாதிரி முக்கோணமா.”

நூலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். கடல்வரைக்கும் நடந்தேன். யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்க நீ பக்கத்தில் இல்லை.

மேட்டில் நின்று பார்த்ததாக நினைத்து உனக்காக நான் சாக்கு யோசித்து வைத்திருந்தேனே! நீ இறங்கியிருக்கிறாய். இந்தக் கூரைக்கு அடியில் படுத்திருக்கிறாய். கை நனைத்த வீட்டை இல்லை என்று எழுதியிருக்கிறாய். தப்பாகப் பார்த்ததற்கும் பார்த்துவிட்டு மறைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். என் முதல் வருடத்தில், ஒரு ஓடையை இடம் மாற்றிப் போட்டதை ஒத்துக்கொள்ளாமல் மழுப்பினேன் என்று மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். அந்த மூன்று நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இப்போது நினைத்தால் எரிகிறது.

வலைக்காரம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அந்தப் பையன் என் அண்ணன் என்று. வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் போகிறேன்.

பணியிடை நீக்க உத்தரவு கிடைத்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, அதில் மேற்குப் பக்க வீடுகளை வரைந்துகொண்டேன். இருபத்தெட்டாம் தேதி நீ கையெழுத்துப் போட்டால் போடு. அவர்கள் சுட வருகிற அன்று இங்கே நூற்று எண்பத்து நான்கு பேர் இருப்போம். நூற்று எண்பத்து நாலாவது ஆள் யார் என்று டைரக்டர் கேட்டால், வீட்டுப் பிள்ளை என்று சொல்.

தங்கை

*

பிப்ரவரி 23

வாயாடிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் டிரைவரிடம் கொடுத்துவிடச் சொல்லி அண்ணியிடம் கொடுக்கப்போகிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

அன்றைக்குக் காலையிலேயே உடம்பு கொதித்தது. வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது. மேட்டில் நின்றபடியே பார்த்தேன், புதைந்த கூரைகள் மாதிரி தெரிந்தன, எழுதினேன். நேரில் கண்டது என்றும் எழுதினேன். இறங்கி ஏறினால் இன்னும் அரை நாள் போய்விடும் என்று நினைத்தேன். அளவுச் சங்கிலி பிடிக்க வந்தவர் நோட்டையும் தாளையும் வாங்கிக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார். கடைசியாக ஒரு கோணம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் மட்டும் நின்றேன். அப்புறம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது அந்தப் புதைந்த கூரைகளில் ஒன்றுக்கு அடியில் கிடந்தேன்.

திருத்திவிடலாம் என்றுதான் திரும்பினேன். சத்தியமாக. ஆபீசில் நுழைந்ததும் அப்போதைய டைரக்டர் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, “பத்து நாள் வேலையை ஏழு நாள்ல முடிச்சிருக்கான், பாருங்கய்யா” என்று தோளில் தட்டினார். அன்றைக்கே வேலையை நிரந்தரமாக்கி உத்தரவு போட்டார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நன்றி சார் என்றுதான் வந்தது.

அப்பா போய் நாலு மாதம் ஆகியிருந்தது. நீ ஆறாம் வகுப்பு. உன் முகம்தான் கண்ணில் நின்றது. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளினேன். தாள் அச்சாகி வந்துவிட்டது. அச்சான பிறகு அதைப் பார்த்தால் எனக்கே பொய்யாகத் தெரியவில்லை.

நீ கொண்டுவந்த மனு முதல் மனு இல்லை. பதினொன்று வந்திருக்கின்றன. பதினொன்றையும் நானே வாங்கி நானே போட்டேன். வேறு யார் கைக்கும் போகவிட்டதில்லை. உன் கையில் எப்படி வந்தது என்று இன்னும் புரியவில்லை.

ஒன்றைத் தெரிந்துகொள். திடலுக்கு இடம் பார்க்கிற குழு இருபத்தேழாம் தேதி அங்கே நேரில் பார்க்க வருகிறது. இறங்கமாட்டார்கள். மேட்டின்மேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். எனக்குத் தெரியும், திட்டத்தை வகுத்துக் கொடுத்தது நான்தான். இதை உனக்குச் சொல்வதற்கு என்னைச் சிறையில்கூடப் போடலாம்.

அதற்கு மேல் என்னால் என்ன முடியும் என்று தெரியவில்லை.

அண்ணன்

*

பிப்ரவரி 27

அண்ணா,

முதலில் ஒன்று. என் முகத்தை இதில் இழுக்காதே. நீ பேசாமல் இருந்ததை என் தலையில் கட்டாதே. பதினொரு வயதில் என்னைக் கேட்டிருந்தால்கூட, போய்ச் சொல்லிவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பேன். அன்றைக்குப் பட்டினி கிடந்திருந்தாலும் இவ்வளவு கசந்திருக்காது. பத்தொன்பது வருடமாக நான் தின்ற சோற்றுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்திருக்கிறார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை உன் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் அதைக் கொடுக்க நான் யார்?

உன் கடிதத்தை வலைக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பையன் என் அண்ணன் என்று சொல்லிவிட்டுத்தான் படித்தேன். முழுக்கக் கேட்டார். “அவன் எழுதிட்டா நாங்க இல்லாம போயிட்டோமா? பத்தொன்பது வருஷமா இருந்துகிட்டுதான இருக்கோம்” என்றார். பிறகு, “பதினொரு மனுவுல ஏழு நான் எழுதச் சொன்னது” என்றார்.  எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது. மேட்டில் நின்றுதான் பார்ப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அதைக் கொட்டகையில் படித்தேன். “அப்ப மேட்டுலேர்ந்தே தெரியட்டும்” என்றார்கள். இன்று விடியும்போது நாற்பத்தொரு கூரையிலிருந்தும் மணலை வழித்துத் தள்ளினோம். ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும். பத்து மணிக்கெல்லாம் ஊர் வெட்டவெளிச்சமாக நின்றது. பலகை, தகரம், பாய்மரத்துணி என்று ஒவ்வொரு கூரை ஒவ்வொரு நிறம். அவர்களே தங்கள் ஊரை இப்படிப் பார்த்ததில்லை. ஒருவர் இன்னொருவர் வீட்டைக் காட்டிச் சிரித்தார்கள்.

பதினொரு மணிக்குக் காற்று எழுந்தது. பன்னிரண்டுக்கு முதல் கூரை போனது, படகோட்டியின் வீடு. மணலைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று நான்தான் கத்தினேன். ஒருத்தர்கூட அசையவில்லை. படகோட்டி தன் கூரை கடல் பக்கம் உருள்வதைப் பார்த்துக்கொண்டே, “அவங்க வரட்டும், பார்த்துட்டுப் போகட்டும்” என்றார். இரண்டாவது கூரை போனது. கூரைமேல் ஆட்களே ஏறிப் படுத்துக்கொண்டார்கள், பாரத்துக்கு. நானும் படுத்தேன்.

மூன்று மணிக்கு நாலாவது மேட்டில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். ஒருவர் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்தவரிடம் கொடுத்தார். இங்கிருந்து ஒருவரும் கை ஆட்டவில்லை, கூப்பாடு போடவில்லை. கூரைமேல் படுத்தபடி அவர்களைத் திரும்பிப் பார்த்தோம். கால்மணி நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

நாளைக்கு இருபத்தெட்டு.

தங்கை

*

மார்ச் 2

தங்கைக்கு,

இருபத்தெட்டாம் தேதி காலையிலேயே குழுவின் தலைவர் டைரக்டரோடு என் அறைக்கு வந்தார். தாளில் ஒன்றுமில்லை, கண்ணால் பார்த்தால் நாற்பது கூரைகள், எது சரி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டைரக்டரே எனக்கு வழி செய்து கொடுத்தார். “புதுசா முளைச்ச குடிசைங்க. விஷயம் தெரிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள போட்டிருக்காங்க. அப்படின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது.”

பேனாவைக் கையில் கொடுத்தார். ஒரு வரி. எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழைய பொய்யும் அதோடு உண்மையாகியிருக்கும். என் பெயரும் தப்பித்திருக்கும். உன்னிடம் மறைக்கமாட்டேன், பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

பிறகு நோட்டை வரவழைத்தேன். பத்தொன்பது வருடத்துக்கு முந்திய நோட்டு. என் வரிக்குக் கீழே, அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். ‘மேலே உள்ளது பொய். எழுதியவன் நான். பொய் என்று அந்த வாரமே எனக்குத் தெரியும். இந்த ஊரில் ஒரு வீட்டில் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தேன். நேரில் கண்டது.’ தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

டைரக்டர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை நீட்டினார். நான் நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயதில் ஆபீசில் ஒருவன் செய்கிற காரியமா? “கிழிக்கிறதுன்னா என் சட்டையையும் சேர்த்துக் கிழிங்க” என்றேன். எனக்கே என் குரலை அடையாளம் தெரியவில்லை. கூடத்தில் எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, “அந்த நோட்டுல ஒரு நகல் எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நிலவரம் இதுதான். நானும் பணியிடை நீக்கம். விசாரணை வரும், வேலை போவது ஏறக்குறைய நிச்சயம். பயிற்சித் திடல் ரத்தாகவில்லை, அப்படி நம்பிவிடாதே. மறு அளவை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி வேறு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து அளப்பார்கள். நீ வரைந்த தாள் சல்லிக்குப் பிரயோஜனமில்லை என்பார்கள், ஆனால் கிணறுகளை வைத்து நீ அளந்த முறையைத்தான் அவர்களும் பின்பற்றியாக வேண்டும். வேறு வழி அந்த மணலில் கிடையாது.

அந்த மனு எப்படி உன் கைக்கு வந்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது. கூடையில் நான் போட்ட மனுக்களையெல்லாம் துப்புரவு செய்யும் அம்மாள் இத்தனை வருடமும் எடுத்து எடுத்து அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். ‘வாத்தியார் வேணும்னு கேட்டிருக்காங்க, இதைப் போய்க் குப்பையில போடறாரே’ என்று நினைத்தாராம். கடைசி மனுவை உன் மேஜையில் வைத்தது அவர்தான். மீதி பத்தும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையும் நோட்டோடு சேர்த்திருக்கிறேன்.

நான் அங்கே வரலாமா? உத்தரவு கேட்கிறேன், உன்னிடம் இல்லை, வலைக்காரம்மாவிடம். நீ கேட்டுச் சொல். அவர் வேண்டாம் என்றால் எனக்குப் புரியும்.

அண்ணி உனக்குத் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னாள்: அவர் மூன்று நாளாக ஒழுங்காகத் தூங்குகிறார், உன்மேல் எனக்குக் கோபமில்லை.

அண்ணன்

*

மார்ச் 6

அண்ணா,

கடிதத்தைக் கொட்டகையில் படித்தேன். நோட்டைச் சட்டைக்குள் செருகிய இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இன்னும் கோபம் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீரும்போது சொல்கிறேன், அதற்கு முன்னால் சமாதானம் பண்ண வராதே.

இங்கே மறுபடி கூரைக்கு மணல் போடவில்லை. ‘மணல் போட்டாதான இல்லைன்னு எழுதறாங்க’ என்று சொல்லி, பழைய வலைகளைக் கூரைமேல் போர்த்தி, நாலு பக்கமும் முளையடித்துக் கட்டுகிறோம். வலைக்காரம்மாவின் யோசனை. இரண்டு நாள் பலமான காற்றைத் தாங்கிவிட்டது. பத்தொன்பது வீடுகள் முடிந்துவிட்டன. படகோட்டியின் குடும்பம் இன்னும் கொட்டகையில்தான் படுக்கிறது, ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு முனகல் வரவில்லை. பதினைந்தாம் தேதி யார் வந்து அளந்தாலும் அளக்கட்டும். பாதகமாக எழுதினால் அதையும் எதிர்த்து எழுதுவோம். பன்னிரண்டாவது மனுவை மையில் எழுதியாகிவிட்டது. வாத்தியார் வரும்வரை கரும்பலகைக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு அதற்குள் என்மேல் சலிப்பு வந்துவிட்டது.

நீ கேட்டதைக் கேட்டேன்.  வலைக்காரம்மா வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார்.

“வரட்டும். வந்து இந்த ஊர்ப் பிள்ளைங்க முன்னாடி நின்னு, நான்தான் அப்படி எழுதினேன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் என்ன கேக்கறதுன்னு பிள்ளைங்க பார்த்துக்கும்.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கூட்டிச் சொல்லமாட்டேன். புதன்கிழமை லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கை